அக்கா வீட்டில் தொள்ளாயிரத்து அறுபது கால் மணி நேரம்

மடிப்பம்மாவுக்கு வெளிநாட்டில் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரமாகக் கிடந்த ஒரு பச்சை பெஞ்சு. நாலு வருடத்துக்கு முன் அக்கா அதை ஃபோனில் காட்டியிருந்தாள்.

"ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம் குட்டி. நீ வா. பேசினா பேசலாம், இல்லாட்டி சும்மா இருக்கலாம். யாரு கேக்கப் போறா?"

யார் கேட்கப் போகிறார்கள் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

மடிப்பம்மா என்பது அவள் பெயரில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள், அதனால் ஒட்டிக்கொண்டது. விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் எதிரில் நின்றவள் ஓய்வு பெற்றபோது, நிர்வாகம் மூன்று கூட்டம் போட்டு ஆலோசித்துச் சுவரில் இரண்டு கொக்கிகளை அடித்துத் தந்தது. அன்றிலிருந்து மடிப்பம்மா சுவரோடு சேர்ந்து மடிக்கிறாள். கொக்கிகள் லீவு கேட்பதில்லை, டீ குடிக்கப் போவதில்லை என்று சூப்பர்வைசருக்கு அவற்றின் மேல் தனி மரியாதை.

லீவு கேட்கிறவள் மடிப்பம்மா மட்டும்தான். அதுவும் வருடத்துக்கு ஒருநாள் வீதம் சேர்த்து வைத்த லீவு. இப்போது பத்து நாள் சேர்ந்திருந்தது. இந்த வருடக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் சோப்பு நுரை மாதிரி கரைந்துவிடும், பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அக்கா இந்த ஊரை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அக்காவின் கணவர் படுக்கையில் கிடப்பதால் அவளால் அங்கிருந்து நகர முடியாது. டிக்கெட்டை அவளே எடுத்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டாள். அனுமதி வந்தால் போதும்.

அனுமதி தர வேண்டியது முதற்பயண நிதான வாரியம்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருவர் முதல் முறையாக வெளிநாடு போய், ஏழு நாளில் ஆறு நகரங்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் விமான நிலையத்துத் தரையில் உட்கார்ந்து "நான் எங்கே போயிருந்தேன்?" என்று கேட்டாராம். எதிரில் நின்றவர் ஒரு மந்திரியின் மைத்துனர். அடுத்த வாரமே வாரியம் வந்துவிட்டது. அன்றிலிருந்து முதல் தடவை நாட்டை விட்டுப் போகிறவர்கள், தாங்கள் அங்கே அவசரப்பட மாட்டோம் என்பதற்கு எழுத்து மூலமாகப் பயணத் திட்டம் கொடுக்க வேண்டும். வாரியத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: "நிதானம் நம் கடமை. வரிசையில் விரைந்து நகரவும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து மடிப்பம்மா மகளிடம் கொடுத்தாள். மகள் செருப்புக் கடையில் பில் போடுகிறவள், கட்டங்களைக் கண்டு பயப்பட மாட்டாள். அவளே இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, ஒரு நாளைக்குத் தொண்ணூத்தாறு கட்டம் போட்டிருக்கான். கால் மணி நேரத்துக்கு ஒண்ணு. பத்து நாளைக்குத் தொள்ளாயிரத்து அறுபது. ஒவ்வொண்ணுலயும் அங்க நீ நிதானமா என்ன பண்ணுவேன்னு எழுதணுமாம்."

"அக்கா வீட்டுல இருப்பேன்னு எழுது."

"எல்லாத்துலயுமா?"

"வேற எங்க இருக்கப் போறேன்?"

மகள் எழுதினாள். மூன்று நாள், இரண்டு பேனா. 'அக்கா வீட்டில் இருப்பேன்' என்று தொள்ளாயிரத்து அறுபது தடவை. கடைசிப் பக்கங்களில் கை ஓய்ந்துபோய் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

கவுன்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் படித்தார். முழுவதையும் படித்தார். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பின்னால் நின்ற வரிசை சுவரில் சாய்ந்தது.

"இருப்பேன்னு போட்டிருக்கீங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆமா சார்."

"இருந்து?"

"இருந்துதான் சார்."

"அது புரியுதும்மா. இருந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் சார். சும்மா இருப்போம். நானும் அக்காவும்."

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்கம்மா. நாங்க கேக்கறது நிதானம். நீங்க குடுத்திருக்கறது சும்மா. ரெண்டும் வேற வேற. சும்மா இருக்கறதை யார் வேணா பண்ணலாம், அதுக்கு எதுக்கு ஒரு வாரியம்? நிதானம்னா அதுக்கு ஒரு செயல் வேணும். செயல் இருந்தாத்தான் நீங்க அதை மெதுவாப் பண்றீங்களான்னு பார்க்க முடியும்."

அவர் ஒரு தாளை நீட்டினார். 'அங்கீகரிக்கப்பட்ட நிதானச் செயல்கள்' என்று தலைப்பு. நாற்பத்தொரு செயல்கள் இருந்தன. குவளையை இரு கைகளாலும் பிடித்திருத்தல். ஜன்னல் வழியே பார்த்தல் (மரம் உள்ளது). ஜன்னல் வழியே பார்த்தல் (மரம் இல்லாதது). பழைய சம்பவம் ஒன்றை நினைவுகூர்ந்து பாதியில் விடுதல். கொட்டாவி, தனியாக. கொட்டாவி, உறவினருடன்.

மகள் மறுபடி உட்கார்ந்தாள். "அம்மா, நாலாம் நாள் காலையில உனக்கும் பெரியம்மாவுக்கும் கொட்டாவி போட்டிருக்கேன். சேர்ந்து விடணும். மறந்துடாத."

"வரலைன்னா?"

"வர வை. முதல் நாள் 'கொண்டுவந்த பொருளைக் கொடுத்தல்'னு ஒண்ணு இருக்கு. என்ன கொண்டு போற?"

அதை மடிப்பம்மா ஆறு மாதத்துக்கு முன்பே தயார் செய்திருந்தாள். ஒரு பருத்திப் போர்வை. நாலு பக்கமும் ஊதா நூலில் அவளே கரை தைத்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளில் வார்டு எண் அச்சடித்திருக்கும் மூலையில், இதில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு அதில் பிடித்தது.

கடைசி நாளின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் பட்டியலில் தேர்வு எதுவும் இல்லை, வாரியமே அச்சடித்திருந்தது: 'பிரிவு. அழுகை. ஒரு கட்டம் மட்டும்.'

இரண்டாம் தடவை கண்ணாடிக்காரர் குறை எதுவும் சொல்லவில்லை. முத்திரையை மையில் தொட்டுக் கையில் எடுத்தும்விட்டார். "ஒப்புகைச் சீட்டை வெச்சுக்குங்க" என்று ஒரு பெரிய தாளைத் தள்ளினார். மடிப்பம்மா அதை வாங்கினாள். வாங்கிய கையோடு அது நாலாக மடிந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, அவள் பைக்குள் போய்விட்டது. கண் மூடித் திறக்கிற நேரம்.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"மடிச்சேன் சார்."

"அதை எடுங்க. விரிங்க. திரும்ப மடிங்க."

அவள் மடித்தாள். நிமிடத்துக்கு நாலு விரிப்பு என்பது சலவைக்கூடத்துக் கணக்கு. அந்தக் கணக்குக்கு அவள் கை இருபத்திரண்டு வருடமாகப் பழகியிருந்தது. கண்ணாடிக்காரர் பக்கத்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மடிப்பம்மா ஐந்து தடவை மடித்துக் காட்டினாள். ஐந்தாவது தடவை வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப் பார்த்தாள். அது இன்னும் சீக்கிரமாக முடிந்துவிட்டது.

'கையில் அவசரம் உள்ளது' என்று கண்ணாடிக்காரர் சிவப்பு மையில் எழுதினார். "ஆணையரைப் பாருங்க."

நிதான ஆணையரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். வந்தவர் நாற்காலியில் முழுதாக உட்காரவில்லை, அடுத்த கூட்டத்துக்கு எழுந்து போக வசதியாக விளிம்பிலேயே இருந்தார்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லம்மா" என்றார். "ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்தக் கையோட நீங்க அங்க போறீங்க. ஒரு துண்டை மடிக்கறீங்க. அங்க இருக்கறவன் பார்க்கறான். இந்த நாட்டுக்காரங்க எல்லாம் இப்படித்தான் போலிருக்குன்னு நினைப்பானா இல்லையா? நான் ஒன்பது வருஷமா இந்தப் பதவியில இருக்கேன். ஒரு நாள் கூட வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டதில்ல, கார்லதான். என் பொண்ணு எந்த வகுப்புன்னு கேட்டா டிரைவரைத்தான் கேக்கணும். எதுக்கு? நீங்கள்லாம் நிதானமா இருக்கணும்னுதான்."

"சார் எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டாள் மடிப்பம்மா.

"எங்கயும் போனதில்ல. போயிருந்தா இவ்வளவு நடுநிலையா இருக்க முடியுமா?" அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்கு ஒத்திகை எழுதறேன். நம்ம மண்டபத்துலயே உங்க பயணத் திட்டப்படி நடந்து காட்டுங்க. தேறினா அனுமதி."

"எத்தனை நாள் சார்?"

"பயணம் எத்தனை நாளோ அத்தனை நாள். பத்து நாள் பயணத்துக்கு ஒரு மணி நேரத்துல ஒத்திகை பார்த்தா அதை விட அவசரம் வேற உண்டா?"

அதில் தப்பு கண்டுபிடிக்க மடிப்பம்மாவுக்குத் தெரியவில்லை. வாசல் வரை வந்தபிறகுதான் லீவு ஞாபகம் வந்தது. கண்ணாடிக்காரரிடம் திரும்பிப் போனாள்.

"லீவு போட்டுட்டுத்தான் வரணும்மா. வேலையில இருந்துக்கிட்டே நிதானமா இருந்தா செல்லாது."

"இந்தப் பத்து நாள்தான் சார் என்கிட்ட இருக்கு. இதையும் இங்கயே போட்டுட்டா அங்க எப்படிப் போவேன்?"

"கவலையே வேண்டாம். அனுமதி வந்ததும் லீவைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி உங்க ஆஸ்பத்திரிக்கு நாங்களே எழுதுவோம். படிவம் பத்தொன்பது. எத்தனை பேருக்கு எழுதியிருக்கோம்!"

"எழுதியிருக்கீங்களா சார்?"

"படிவம் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

அடுத்த திங்கட்கிழமை மடிப்பம்மா பெட்டியோடு போனாள். பெட்டி இல்லாமல் வரக் கூடாது என்பது விதி. மகள் வாசல் வரை வந்து, "பார்த்துப் போயிட்டு வாம்மா. போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு" என்றாள். பத்தாம் நம்பர் பஸ்ஸில் இருபது நிமிடம்.

ஒத்திகை மண்டபத்தில் ஒரு பெஞ்சும் ஒரு ஜன்னலும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை, கார் நிறுத்துமிடம்தான். பெஞ்சு சாம்பல் நிறம். எதிரில் ஒரு மேஜை போட்டு, நேரம் பார்ப்பவர் ஒருவர் மணியோடு உட்கார்ந்திருந்தார். கால் மணிக்கு ஒரு தடவை மணி அடிப்பார். வாரியம் பத்து மணி முதல் ஐந்து மணி வரைதான் என்பதால், முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் அதற்குள் இழுத்துக்கொள்வார்கள், வெளியே விழும் கட்டங்களில் விண்ணப்பதாரர் நிதானமாகத் தூங்கியதாகக் கருதப்படும்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அறுபதை நெருங்குகிற வயது, மூக்கில் தூசி படாமல் இருக்க முகத்தில் துணி கட்டியிருந்தாள்.

"வா. நான்தான் உன் அக்கா" என்றாள்.

மடிப்பம்மா பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"கோப்பறையில ஃபைல் அடுக்கற வேலை. ஆள் பற்றாக்குறை, உறவுக்காரங்களா எல்லாம் என்னைத்தான் போடுவாங்க. பயப்படாத. சித்தி, நாத்தனார் எல்லாம் நல்லாப் பண்ணுவேன். போன மாசம் ஒருத்தர் ஏரிக்கரையில உட்காரப் போறேன்னு எழுதிட்டாரு. நான்தான் ஏரி. எட்டு நாள் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு, பாவம்."

மணி அடித்தது. முதல் கட்டம்: கொண்டுவந்த பொருளைக் கொடுத்தல்.

மடிப்பம்மா நேரம் பார்ப்பவரைப் பார்த்தாள். "சார், இது நிஜமாவே அக்காவுக்கு வெச்சது. சும்மா குடுக்கற மாதிரி பண்ணிட்டுத் திரும்ப வாங்கிக்கலாமா?"

"குடுத்ததைத் திருப்பி வாங்கறதா?" அவர் முகம் சுளித்தார். "சொந்த அக்காகிட்டயா?"

கொடுத்தாள். கோப்பறைக்காரி விரித்துப் பார்த்தாள். முகத்துணியை இறக்கினாள். ஊதாக் கரையைத் தடவி, "நீயே தெச்சியா?" என்றாள். அது திட்டத்தில் இல்லாத பேச்சு. நேரம் பார்ப்பவர் ஏதோ குறித்துக்கொண்டார். அவள் போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு பத்து நாளும் அது அவள் மடியிலேயே இருந்தது.

நாட்கள் போயின. மடிப்பம்மா குவளையை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். ஜன்னல் வழியே கார்களைப் பார்த்தாள். நாலாம் நாள் காலை கொட்டாவி வரவில்லை, கோப்பறைக்காரி அவளுக்கும் சேர்த்து விட்டாள். ஐந்தாம் நாள் ஆணையர் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு ஓட்டமாக வந்து, "இவங்க இப்ப வெளிநாட்டுல இருக்காங்க, சத்தம் போடாதீங்க" என்று காட்டிவிட்டு ஓட்டமாகப் போனார். ஆறாம் நாளிலிருந்து மடிப்பம்மா மணிச் சத்தத்தை எதிர்பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அது நிதானமா, மரத்துப்போனதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேரம் பார்ப்பவர் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டார்.

மாலையில் வீட்டுக்குப் போவாள். மகள் "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்பாள். முதல் இரண்டு நாள் அது கிண்டல். பிறகு மகள் உண்மையாகவே கேட்பது போலிருந்தது.

"முட்டி வலின்னு சொல்றா" என்றாள் மடிப்பம்மா.

பத்தாம் நாள் மாலை நாலேமுக்காலுக்குக் கடைசி மணி. பிரிவு. அழுகை. கோப்பறைக்காரி தொழில் தெரிந்தவள், சட்டென்று அழுதுவிட்டாள். மடிப்பம்மாவுக்கு அழுகை வரவில்லை. கண்ணை அகலத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், இரண்டு சொட்டு வந்தது. ஐந்து மணிக்கு நேரம் பார்ப்பவர் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கோப்பறைக்காரியும் எழுந்து, போர்வையை உதறி, "இந்தா, இதைப் பிடி" என்று இரண்டு முனையை நீட்டினாள். மடிப்பம்மா பிடித்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து துணி லேசாக இழுபட்டது. இருவரும் உதறினார்கள். நடந்து வந்து கையோடு கை சேர்த்தார்கள். கோப்பறைக்காரிக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடந்தாள். அதனால் மடிப்பம்மாவும் மெதுவாக நடந்தாள். ஒரு போர்வையை மடிக்க முழுதாக இரண்டு நிமிடம் ஆனது. அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மடித்த போர்வையைக் கோப்பறைக்காரி கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பிக் குடுத்தா என்னைக் கேள்வி கேப்பாங்க" என்றாள்.

"வெச்சுக்குங்க அக்கா" என்றாள் மடிப்பம்மா.

மறுநாள் ஆணையர் அறையில் அவளுக்குக் கை குலுக்கல் நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. ஒரு புகைப்படக்காரரும் வந்திருந்தார்.

"வாரியம் வந்து ஒன்பது வருஷத்துல" என்று ஆணையர் நின்றுகொண்டே பேசினார், "ஒரே ஒரு முதற்பயணி கூட வெளிநாட்டுல அவசரப்பட்டதா புகார் இல்ல. ஒண்ணு கூட இல்ல!"

"எத்தனை பேர் சார் போயிருக்காங்க?"

"அந்தக் கணக்கு வேற பிரிவும்மா." அவர் அவளுடைய பாஸ்போர்ட்டை நீட்டினார். அதன் முதல் பக்கத்தில் பெரிய நீல முத்திரை: 'முதற்பயணம் நிதானமாக நிறைவுற்றது.'

மடிப்பம்மா அதை இரண்டு தடவை படித்தாள். "சார், நான் இன்னும் போகலையே?"

"ஒத்திகை உங்க திட்டத்துல இருந்து எங்கயாவது மாறிச்சா?"

"இல்ல சார்."

"அத்தனை கட்டமும் முடிச்சீங்களா?"

"முடிச்சேன் சார்."

"அப்ப எது பாக்கி? விதி முப்பத்தி நாலு. முழுசா நடந்த ஒத்திகையே முதற்பயணம். திரும்பவும் அனுப்பி, நீங்க அங்க போய் வேற மாதிரி நடந்துக்கிட்டா நாங்க குடுத்த மதிப்பெண் என்னாகறது? இதுல உங்களுக்கு நல்லதும் இருக்கு. இனிமே நீங்க முதல் தடவைக்காரி இல்ல. ரெண்டாவது பயணத்துக்கு எங்க அனுமதியே வேண்டாம். நினைச்ச நிமிஷம் கிளம்பலாம். லீவு மட்டும் இருந்தாப் போதும்."

"அந்த லீவுதான் சார். திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதறதா, படிவம் பத்தொன்பது..."

ஆணையர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "பயணம் போயிட்டு வந்தவங்களுக்கு லீவு கழியாம எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடினார்.

சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர், "வெளிநாடு எல்லாம் எப்படி?" என்றார்.

"கார் நிறைய" என்றாள் மடிப்பம்மா. கொக்கிகளில் விரிப்பை மாட்டினாள். அன்று மதியத்துக்குள் எண்ணூறு மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். மடிப்பம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சு, மணி, முத்திரை, லீவு. முடித்ததும் அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், அக்கா போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சரி" என்றாள் அக்கா. "நான் எப்படி இருந்தேன்?"

"இளைச்சிருந்தே. முட்டி வலின்னு சொன்னே."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

"அங்க வலிச்சுது."

"எனக்கு என்ன கொண்டு வந்தே?"

"போர்வை. ஊதாக் கரை வெச்சு."

"பிடிச்சிருந்துச்சா எனக்கு?"

"மடியிலயே வெச்சுக்கிட்டிருந்தே."

"நாம என்ன பேசினோம்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. சும்மாத்தான் உட்கார்ந்திருந்தோம்."

"நான் சொன்ன மாதிரியே."

"ஆமா."

"நீ கிளம்பும்போது நான் அழுதேனா குட்டி?"

"அழுதே. அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. கால் மணி நேரம்."

அந்தப் பக்கத்திலிருந்து விசும்புகிற மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. மடிப்பம்மா ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். மகள் வந்து என்ன என்று சைகையில் கேட்டாள், மடிப்பம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். பெரிய முள் மூன்றிலிருந்து ஆறுக்கு வந்தது.

"போதும்க்கா" என்றாள்.